அண்டை வீட்டாரிடம் அடைந்த தோல்வி

தோல்வி இருவகைப்படும். முன்பின் அறியாத தொலைதூரத்து எதிரியிடம் அடையும் தோல்வி ஒன்று. அன்றாடம் முகம் பார்க்கும் அண்டை வீட்டாரிடம் அடையும் தோல்வி மற்றொன்று. முன்னது சில நாட்களில் ஆறிவிடும். ஏனெனில் வென்றவன் கண்ணெதிரே நிற்பதில்லை. பின்னது அப்படியன்று. வென்றவன் மறுநாள் காலையில் அதே தெருவில் நடக்கிறான். அதே கடையில் தேநீர் அருந்துகிறான். அதே அலுவலகத்தில் அடுத்த நாற்காலியில் அமர்கிறான். அவன் வாய் திறந்து ஏளனம் செய்ய வேண்டியதில்லை. அவன் புன்னகையே போதும், புண்ணில் உப்பிட்டதுபோல் எரிவதற்கு!

கால்பந்து ஆட்டத்தைக் காணச் செல்வோரிடையே இந்த எரிச்சல் எத்துணை வலிமையுடையது என்பதைக் கல்கத்தா மாநகரின் வரலாறு நமக்குக் காட்டும். அதனை ஆராயுமுன், அரபு நாட்டின் பழங்கதையொன்றை நினைவு கூர்தல் நலம்.

தாஹிஸும் கப்ராவும்

இஸ்லாத்திற்கு முற்பட்ட அறியாமைக் காலத்தில் அப்ஸ், துப்யான் என்னும் இரு குலத்தார் வாழ்ந்தனர். இருவரும் கத்ஃபான் என்னும் ஒரே பெருங்குலத்தின் கிளையினர். நம் வழக்கில் சொன்னால் பங்காளிகள். அப்ஸ் குலத் தலைவர் கைஸ் இப்னு சுஹைருக்கும், துப்யான் தரப்பின் ஹுதைஃபா இப்னு பத்ருக்கும் இடையே குதிரைப் பந்தயம் ஒன்று ஏற்பட்டது. தாஹிஸ் என்னும் ஆண் குதிரையும் கப்ரா என்னும் பெண் குதிரையும் ஓடின. கைஸின் தாஹிஸ் முந்தி வரும் வேளையில், வழியில் பதுங்கியிருந்த துப்யானியர் அதனை மறித்துத் திருப்பிவிட்டனர் என்பது அரபு வரலாற்றாசிரியர்கள் தரும் செய்தி.

பந்தயத்தில் எழுந்த பூசல் போராக மூண்டது. அப்போர் நாற்பது ஆண்டுகள் நீடித்தது என்பது மரபு. முஅல்லகாக் கவிஞருள் ஒருவரான அன்தரா அப்போரில் வாளேந்திய வீரர். மற்றொரு முஅல்லகாக் கவிஞரான சுஹைர், அதனை முடித்து வைத்த இரு பெருமக்களைத் தம் கவிதையில் போற்றினார். ஹரிம் இப்னு சினான், ஹாரிஸ் இப்னு அவ்ஃப் என்னும் அவ்விருவரும் துப்யான் தரப்பினரே. கொல்லப்பட்டோருக்கான இரத்த ஈட்டைத் தம் சொந்த ஒட்டகங்களிலிருந்து கொடுத்து அவர்கள் சமாதானம் செய்தனர். பகையை வளர்த்தவர்களும் உறவினர். அதனைத் தணித்தவர்களும் உறவினர். இச்செய்தியை மனத்திற் கொண்டு கல்கத்தாவுக்குச் செல்வோம்.

மூன்று கழகங்கள்

1889-ஆம் ஆண்டில் மோகன் பகான் கழகம் தோன்றியது. 1911 ஜூலை 29-ஆம் நாள் அக்கழகத்தின் வீரர்கள், ஒருவர் நீங்கலாக அனைவரும் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் என்னும் ஆங்கிலப் படையணியை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். ஆளும் இனத்தை ஆளப்படுவோர் அதன் விளையாட்டிலேயே வென்றது கண்டு நாடு பூரித்தது. கல்கத்தா முஸ்லிம்களும் அவ்வெற்றியைத் தமதாகவே கொண்டாடினர் என்பதை அக்கால ஏடுகள் பதிவு செய்துள்ளன. எதிரி அன்னியனாக இருந்தவரை அண்டை வீட்டார் ஒரே வீட்டாராக இருந்தனர்.

1891-இல் தொடங்கப்பட்ட முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் நெடுங்காலம் பின்வரிசையிலேயே இருந்தது. 1934-இல் முதல் பிரிவுக்கு உயர்ந்த அவ்வாண்டே அது கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அதனை வென்ற முதல் இந்தியக் கழகமும் அதுவே. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அப்பட்டத்தை வேறெவருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. 1940-இல் டில்லியில் ராயல் வார்விக்ஷயர் படையணியை வென்று டியூராண்ட் கோப்பையையும் கொணர்ந்தது. வங்க முஸ்லிம்கள் அடைந்த பெருமிதத்திற்கு அளவில்லை. ஆயினும், நாட்டின் அரசியல் இரு சமயத்தாரையும் பிரித்துக் கொண்டிருந்த காலம் அது. 1911-இல் ஒன்றாக ஆர்ப்பரித்த மைதானத்தில், இப்போது ஒரு கழகத்தின் வெற்றி ஒரு சமுதாயத்தின் வெற்றியாகவும், அதன் தோல்வி மற்றொரு சமுதாயத்தின் மகிழ்ச்சியாகவும் எண்ணப்படலாயிற்று. பந்தின் மீது அது தாங்கவொண்ணாத சுமை ஏற்றப்பட்டது என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

மூன்றாவதான ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்ததே ஒரு மனத்தாங்கலில்தான். 1920 ஜூலையில் மோகன் பகானை எதிர்த்து ஆடிய ஜோராபகான் அணியில் சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரர் சேர்க்கப்படவில்லை. அதனைக் கண்டித்து அக்கழகத்தின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி விலகினார். ஆகஸ்ட் முதல் நாள் கிழக்கு வங்கத்தார் பெயரால் புதிய கழகம் எழுந்தது. 1947-இல் நாடு பிரிந்தபின், வீடும் நிலமும் இழந்து வந்த அகதிகளுக்கு அக்கழகமே ஊரின் நினைவாயிற்று. மேற்கு வங்கத்துப் பூர்வகுடிகள் மோகன் பகான் பக்கம். கிழக்கிலிருந்து வந்தோர் ஈஸ்ட் பெங்கால் பக்கம். மோகன் பகான் வென்றால் இறாலும், ஈஸ்ட் பெங்கால் வென்றால் உல்லமீனும் சமையலறையில் மணக்கும். தோற்றவன் வீட்டு மூக்குக்கும் அந்த மணம் எட்டும் அன்றோ!

ஐந்து கோல்களும் ஓர் உயிரும்

1975 செப்டம்பர் 30. ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் அதற்குள் 1970 முதல் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து லீக் பட்டம் பெற்றிருந்தது. கேடயமாவது கிட்டும் என்று நம்பி வந்த மோகன் பகான் அன்பர்கள் கண்டது என்ன? ஐந்துக்குச் சுழி! இரு கோல்களை ஷியாம் தாபா அடித்தார். தோற்ற அணியின் ஆட்டக்காரர் சிலர் தம் அன்பர்களின் சினத்துக்கு அஞ்சி, அன்றிரவைக் கங்கையில் ஒரு படகிலேயே கழித்தனர். அவர்களைத் தேடி நின்றவர்கள் எதிரணியார் அல்லர். நேற்று வரை மாலையிட்ட சொந்த அன்பர்களே என்பதைக் கவனிக்க வேண்டும்.

அன்பர் ஒருவர் தம் உயிரையே மாய்த்துக் கொண்டார். மறுபிறவியில் சிறந்த ஆட்டக்காரராகப் பிறந்து இந்த இழிவைத் துடைப்பேன் என்பது அவர் எழுதி வைத்த கடிதத்தின் கருத்து. உயிர் இறைவன் தந்த அமானிதம் என்று நம்புகின்ற நாம், அவரைப் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. மாலையில் தொடங்கி மாலையில் முடியும் ஓர் ஆட்டம் ஒரு மனிதனின் வாழ்வு முழுவதற்கும் பொருளாகிவிட்டதே, அவரைத் தேற்றி மறுநாள் வரை பொறுத்திருக்கச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லாமற் போயினரே என்று எண்ணி வருந்துகிறோம்.

மறுநாள் வரையன்று, மறு ஆண்டு வரை பொறுத்திருந்தால் அவர் என்ன கண்டிருப்பார்? 1976 ஜூலை 24-இல் இரு அணிகளும் சந்தித்தன. ஆட்டம் தொடங்கிய பதினேழாவது நொடியில் மோகன் பகானுக்காக முகமது அக்பர் கோல் அடித்தார். அதுவே வெற்றிக் கோலுமாயிற்று. அவ்வாண்டின் லீக் பட்டமும் மோகன் பகானுக்கே வந்தது. 1975-இல் இரு கோல்கள் அடித்த அதே ஷியாம் தாபா பின்னர் மோகன் பகானில் சேர்ந்து, 1978-இல் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக, தலைக்கு மேல் காலைச் சுழற்றி அடித்த கோலை இன்றும் பேசுகின்றனர்.

ஆறாத சினம் ஓரிருவரோடு நின்றுவிடுவதில்லை. 1980 ஆகஸ்ட் 16-ஆம் நாள் ஈடன் தோட்ட மைதானத்தில் இவ்விரு அணிகளும் ஆடின. களத்தில் இருவர் மோதிக் கொண்டனர். அம்மோதல் பார்வையாளர் வரிசைக்குத் தாவியது. நெரிசலில் பதினாறு பேர் மாண்டனர். அவர்கள் ஆட்டம் காண வந்த எளிய மக்கள். 2012 டிசம்பர் 9-இல் கூட்டத்திலிருந்து பறந்து வந்த கல்லொன்று மோகன் பகானின் சையத் ரஹீம் நபியின் முகத்தைத் தாக்கியது. அவரோ முன்னர் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடியவர். எறியப்பட்ட கல்லுக்கு, ‘இவர் நேற்று யாருடையவர், இன்று யாருடையவர்’ என்று தெரியுமா?

குலம் என்பது எது?

பேரறிஞர் இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் அஸபிய்யா என்னும் குலப்பற்றை விரிவாக ஆராய்ந்தார். ஓர் அரசு எழுவதற்கும் ஒரு கூட்டம் நிலைப்பதற்கும் அதுவே ஆதாரம் என்பது அவர் முடிவு. அதே நூலில் மற்றொரு நுட்பத்தையும் அவர் உரைக்கிறார்: வம்சம் என்பது உண்மையில் ஓர் எண்ணமே, மனிதர்களைப் பிணைப்பதுதான் அதனால் விளையும் பயன்.

கல்கத்தாக் கழகங்களைப் பாருங்கள். அவர் கூற்று எத்துணை உண்மை என்பது விளங்கும். அகதிகளின் கழகமாகிய ஈஸ்ட் பெங்கால், 1949-க்குப் பின் சில ஆண்டுகள் எவரையும் நடுங்கச் செய்த முன்வரிசை ஒன்றைப் பெற்றிருந்தது. ‘பஞ்ச பாண்டவர்’ என்று மக்கள் அவ்வரிசையை அழைத்தனர். யார் அந்த ஐவர்? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே! ஐவரும் தென்னாட்டினர், இருவர் முஸ்லிம்கள், கிழக்கு வங்கத்து மண்ணில் பிறந்தவர் ஒருவரும் இல்லர். மோகன் பகானின் துயர் துடைத்த அக்பரோ ஹைதராபாத்துக்காரர். அவருடைய அண்ணன் ஹபீப் மூன்று கழகங்களுக்கும் ஆடி மூன்று தரப்பாரின் அன்பையும் பெற்றவர்.

ஆட்டக்காரர்கள் வருகின்றனர், போகின்றனர், அணி மாறுகின்றனர். இரத்த உறவு என்று அன்பர்கள் நினைப்பது உண்மையில் ஒரு சட்டையின் நிறமே. அந்த எண்ணம் வீடிழந்தவர்களை ஒன்றிணைத்தது. தாழ்ந்து கிடந்தவர்களை நிமிர்த்தியது. அது நன்மையே, அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணத்திற்காக, நாள்தோறும் முகம் பார்க்கும் உண்மையான அண்டை வீட்டாரைப் பகைப்பது எந்த அறிவில் சேரும்? தம் கூட்டத்தை நேசிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. குலவெறியின்பால் அழைப்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றுதான் நபிமொழி எச்சரிக்கிறது.

அள்பா தோற்ற நாள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அள்பா என்னும் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் எந்த ஒட்டகமும் அதனை முந்தியதில்லை. ஒருநாள் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் ஏறி வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது பொறுக்கவில்லை; அவர்கள் முகம் வாடிற்று. அண்ணலார் அதனைக் கண்டுகொண்டார்கள். இவ்வுலகில் உயர்ந்து நிற்கும் எதனையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது இறைவனின் நியதி என்ற கருத்தில் அவர்கள் ஆறுதல் கூறினார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது.

இதில் நாம் காண்பது என்ன? தம் தலைவரின் ஒட்டகம் தோற்றதற்காகத் தோழர்கள் வருந்தினர்; அந்த வருத்தத்தை அண்ணலார் கண்டிக்கவில்லை. அன்பு உள்ள இடத்தில் வருத்தம் இருக்கும். அதே வேளையில், அந்த வருத்தம் வென்றவர்மீது திரும்ப அவர்கள் விடவுமில்லை. தாஹிஸ் தோற்றபோது நாற்பது ஆண்டுப் போர். அள்பா தோற்றபோது ஒரே ஒரு வாசகம். ஒரே பாலைவனத்தில், அதே அரபு மக்களிடையே, ஒரு நூற்றாண்டு எல்லைக்குள் நிகழ்ந்த மாறுதல் இது! உஹதுக்குப் பின் இறங்கிய திருவசனமும், வெற்றி தோல்வியின் நாட்களை மனிதரிடையே இறைவன் மாறி மாறிச் சுழலச் செய்கிறான் என்றே உணர்த்துகிறது.

முகமதன் ஸ்போர்ட்டிங்கின் பிற்கால வரலாறும் இதற்குச் சான்று. 1981-இல் லீக் பட்டம் பெற்ற அக்கழகம், அடுத்த பட்டத்திற்கு 2021 வரை நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது. காத்திருந்த தந்தையர் பலர் மறைந்தனர். மக்கள் கண்டு மகிழ்ந்தனர். உயர்ந்தது தாழும், தாழ்ந்தது உயரும்.

2024 ஆகஸ்ட் 18-ஆம் நாள் நடைபெறவிருந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டம், பாதுகாப்பைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. அம்மாதம் 9-ஆம் நாள் கல்கத்தா மருத்துவமனை ஒன்றில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொலையுண்டதால் நகரம் கொதித்திருந்தது. ஆட்டம் இல்லையென்று அறிந்தும் இரு தரப்பு அன்பர்களும் மைதானத்தின் வெளியே திரண்டனர்; முகமதன் அன்பர்களும் உடன் சேர்ந்தனர். மூன்று நிறச் சட்டைகளும் கலந்து நின்று நீதி கேட்டன. தடியடி விழுந்தபோதும் அவர்கள் பிரிந்து ஓடவில்லை. 1911-க்குப் பின் நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அந்நகரின் பங்காளிகள் மீண்டும் ஒரே பக்கம் நின்றனர்.

அவர்கள் மறுபடியும் மோதுவர், ஒருவர் தோற்பர், தோற்றவர் வீட்டில் அன்றிரவு உணவு இறங்காது. அதனை மாற்ற யாராலும் இயலாது, மாற்றவும் வேண்டியதில்லை. ஆனால் நம் ஊர்களிலும் மாலை வேளைகளில் இளைஞர்கள் பந்தாடுகின்றனர். தெருவுக்குத் தெரு, ஊருக்கு ஊர் அணிகள் உள்ளன. அவர்களுடைய பெரியவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. உங்கள் அணி தோற்ற இரவில் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். அள்பாவின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்; விடிந்ததும் அடுத்த தெருவுக்கு அவர்களை அழைத்துச் சென்று வென்றவர்களுக்கு ஸலாம் சொல்லச் செய்யுங்கள். ஹரிமும் ஹாரிஸும் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் செய்ததை, ஓர் இரவு கழிந்ததுமே செய்துவிடும் பேறு அவர்களுக்கு வாய்க்கட்டும்.