டீசல் வாகனப் பழுதறிதல்

டீசல் வாகனப் பழுதறிதல் என்பது டீசல் பொறியால் இயங்கும் சரக்குந்து, வேன், பேருந்து முதலியவற்றில் ஏற்படும் கோளாறுகளின் மூலகாரணத்தைக் கண்டறியும் செயற்பாடு ஆகும். காரணத்தை அறிந்தபின் அதைச் சரிசெய்வது பழுதுநீக்கம் எனப்படும். பட்டறைகளில் இவ்விரண்டும் ஒரே வேலையாகக் கருதப்படினும், இரண்டிற்கும் தேவையான திறன்கள் வேறு. ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டக் கைத்திறன் போதும். எந்தப் பாகத்தைக் கழற்றுவது என்று முடிவு செய்ய, பொறி இயங்கும் முறையைப் பற்றிய தெளிவும் அளவீடுகளும் தேவை.

தவறான பழுதறிதலால் நல்ல நிலையிலுள்ள விலையுயர்ந்த பாகங்கள் மாற்றப்படுகின்றன. வாகனம் ஓடாத நாட்களின் வருமானம் இழக்கப்படுகிறது. மூலகாரணம் நீங்காததால் அதே பழுது மீண்டும் வருகிறது. கடன் பெற்று ஒரேயொரு வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கு இது பெரும் சுமையாகும்.

வரலாறு

ருடால்ப் டீசல் தம் பொறிக்கான காப்புரிமையை 1893ஆம் ஆண்டு ஜெர்மனியில் பெற்றார். 1897ஆம் ஆண்டு ஆக்சுபர்க் நகரில் அவரது பொறி வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. 1927இல் பாஷ் நிறுவனம் டீசல் உட்செலுத்து பம்புகளைத் தொடர் உற்பத்தி செய்யத் தொடங்கியபின், சாலை வாகனங்களில் டீசல் பொறி பரவலாயிற்று. இந்தியாவில் 1951இல் நிறுவப்பட்ட மைக்கோ நிறுவனம் இத்தகைய பம்புகளையும் தெளிப்பான்களையும் தயாரித்தது. 2008இல் அதன் பெயர் பாஷ் என மாறியபோதும், பழைய பட்டறைகளில் "மைக்கோ பம்ப்" என்ற வழக்கு நிலைத்துள்ளது.

1990களின் நடுவில் ஜப்பானிய சரக்குந்துகளிலும், 1997இல் ஆல்பா ரோமியோ 156 மகிழுந்திலும் காமன் ரெயில் முறை அறிமுகமாயிற்று. இதில் எரிபொருளின் அளவையும் நேரத்தையும் மின்னணுக் கட்டுப்பாட்டு அலகு முடிவு செய்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. இதன்பின் புகைபோக்கி அமைப்பும் பழுதறிதலில் முக்கிய இடம் பெற்றது.

அடிப்படைத் தத்துவம்

பெட்ரோல் பொறியைப் போல டீசல் பொறியில் தீப்பொறிச் செருகி இல்லை. உருளைக்குள் காற்று 14 முதல் 22 மடங்கு வரை அழுத்தப்படுவதால் அது கடுமையாகச் சூடாகிறது. அச்சூட்டில் நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே ஒரு டீசல் பொறி கிளம்பப் பின்வரும் நான்கும் தேவை:

1. போதிய காற்று
2. போதிய அமுக்கம், அதற்கேற்ற சுழல்வேகம்
3. உரிய அழுத்தத்தில், உரிய அளவில் எரிபொருள்
4. உரிய நேரத்தில் தெளிப்பு

கிளம்பாத பொறியில் இவற்றுள் ஏதேனும் ஒன்று குறைந்திருக்கும். எது குறைந்துள்ளது என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்குவதே பழுதறிதலின் அடிப்படை ஆகும்.

படிமுறை

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பொதுவாகப் பின்பற்றும் வரிசை வருமாறு:

1. ஓட்டுநரை விசாரித்தல். பழுது சூட்டில் வருகிறதா, குளிரிலா, ஏற்றத்திலா, சமதளத்திலா, அண்மையில் எங்கு டீசல் நிரப்பப்பட்டது, என்ன வேலை செய்யப்பட்டது போன்றவை கேட்டறியப்படும். "வண்டி இழுக்கவில்லை", "மிஸ்சிங் அடிக்கிறது", "ஏர் எடுக்கிறது" ஆகிய சொற்கள் வெவ்வேறு பழுதுகளைச் சுட்டலாம்.
2. பழுதை நேரில் வரவழைத்துப் பார்த்தல். வரவழைக்க இயலாத பழுதைச் சரிசெய்துவிட்டதாக உறுதி கூறவும் இயலாது.
3. எளிய சோதனைகள். எண்ணெய் மட்டம், குளிர்நீர், காற்று வடிகட்டி, பேட்டரி முனைகள், பியூசு, எரிபொருள் ஆகியவை பார்க்கப்படும்.
4. அளவிடுதல். அழுத்தம், மின்னழுத்தம், சுழல்வேகம், கசிவு ஆகியவை அளக்கப்படும்.
5. பழுதுநீக்கியபின், பழுது தோன்றிய அதே சூழலில் மீண்டும் ஓட்டிப் பார்த்தல்.

ஒரே நேரத்தில் பல பாகங்களை மாற்றக்கூடாது. அவ்வாறு மாற்றினால் பழுது நீங்கினாலும் அதன் காரணம் தெரியாது.

புகையின் நிறம்

புகையின் நிறம் செலவில்லாத ஒரு முதல்நிலைச் சோதனை ஆகும்.

கரும்புகை: எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை. அடைபட்ட காற்று வடிகட்டி, கிழிந்த டர்போ குழாய், திறந்த நிலையில் சிக்கிய புகை மறுசுழற்சி வால்வு, மிகுதியாகத் தெளிக்கும் தெளிப்பான் ஆகியவை காரணமாகலாம்.

வெண்புகை: டீசல் எரியாமல் ஆவியாகிறது, அல்லது குளிர்நீர் உருளைக்குள் நுழைகிறது. கண்ணை எரிக்கும் டீசல் நெடி இருந்தால் முன்னதும், குளிர்நீர் மட்டம் குறைந்துவந்தால் பின்னதும் ஐயத்திற்குரியது.

நீலப்புகை: பொறி எண்ணெய் எரிகிறது. வளையத் தேய்வு, வால்வு சீல், டர்போ சீல் ஆகியவை சோதிக்கப்பட வேண்டும்.

துகள் வடிகட்டி பொருத்தப்பட்ட புதிய வாகனங்களில் கரும்புகை வெளியே தெரிவதில்லை. அங்குப் புகையின்மை, பழுதின்மைக்குச் சான்றாகாது.

எரிபொருள் அமைப்பு

தொட்டியிலிருந்து பம்ப் வரை உள்ளது தாழ் அழுத்தப் பகுதி. பம்பிலிருந்து தெளிப்பான் வரை உள்ளது உயர் அழுத்தப் பகுதி. பம்ப் டீசலை உறிஞ்சும் வாகனங்களில், தாழ் அழுத்தப் பகுதியில் ஏற்படும் விரிசல் பலரையும் ஏமாற்றும். அங்கு உள்ளழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவாக இருப்பதால் டீசல் வெளியே சொட்டாது; மாறாகக் காற்று உள்ளே நுழையும். இதுவே "ஏர் எடுப்பது" எனப்படுகிறது. குழாயின் நடுவே ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். துண்டைத் தொட்டியை நோக்கி ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தி, குமிழிகள் மறையும் இடத்தைக் கண்டால், காற்று நுழையும் இடம் தெரிந்துவிடும்.

பழைய எந்திரவகைப் பம்புகளில், ஒவ்வொரு தெளிப்பானின் குழாய் மூட்டையும் சற்றே தளர்த்தி, பொறியின் ஓசை மாறுகிறதா என்று பார்ப்பது வழக்கம். எதைத் தளர்த்தியும் ஓசை மாறவில்லையோ அந்த உருளை வேலை செய்யவில்லை. காமன் ரெயில் பொறியில் இம்முறையை ஒருபோதும் கையாளக்கூடாது. அங்கு அழுத்தம் ஓய்வுநிலை ஓட்டத்திலேயே பல நூறு பார் இருக்கும். முழுச்சுமையில் 1600 பாரைத் தாண்டலாம்.

மின்சுற்றுகள்

அவ்வப்போது தோன்றி மறையும் பழுதுகளுக்கு அரித்த எர்த் இணைப்பும் உராய்ந்த கம்பிகளும் அடிக்கடி காரணமாகின்றன. மின்தடையை மட்டும் அளந்து இவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். எடுத்துக்காட்டாக, ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது, எர்த் இணைப்பில் 0.01 ஓம் மின்தடை இருந்தாலே 2 வோல்ட் வீணாகும். 12 வோல்ட் வேனில் இது பெரிய இழப்பு. ஆனால் சாதாரண மல்டிமீட்டரால் 0.01 ஓமை நம்பகமாக அளக்க முடியாது. எனவே சுற்றில் மின்னோட்டம் பாயும்போதே இணைப்பின் இருமுனைகளுக்கு இடையே மின்னழுத்த வீழ்ச்சி அளக்கப்படுகிறது.

இதே காரணத்தால், ஒரே ஓர் இழையில் தொங்கும் கம்பியிலும் மல்டிமீட்டர் முழு மின்னழுத்தத்தைக் காட்டும். ஒரு முகப்பு விளக்கின் பல்பைச் சுமையாக இணைத்தால் உண்மை வெளிப்படும்.

கட்டுப்பாட்டு அலகுகளை இணைக்கும் கேன் இணைப்பின் இரு கோடிகளிலும் பொதுவாக 120 ஓம் தடைகள் உள்ளன. பேட்டரியைத் துண்டித்து இரு கம்பிகளுக்கு இடையே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். 120 ஓம் காட்டினால் ஒரு கோடித் தடை துண்டிக்கப்பட்டுள்ளது. சுழியத்தை ஒட்டிக் காட்டினால் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன.

பழுதுக் குறியீடுகள்

ஸ்கேனர் கருவி காட்டும் குறியீடு, எந்தப் பாகம் பழுது என்பதைக் கூறுவதில்லை. கட்டுப்பாட்டு அலகு எதிர்பார்த்த அளவிற்கும் உணரி தெரிவித்த அளவிற்கும் இடையே உள்ள முரண்பாட்டையே அது கூறுகிறது. "ரெயில் அழுத்தம் குறைவு" என்ற குறியீட்டிற்கு அடைபட்ட வடிகட்டி, காற்று நுழைவு, தேய்ந்த பம்ப், கசியும் தெளிப்பான், பழுதடைந்த அழுத்த உணரி என ஐந்து காரணங்களாவது இருக்கலாம். குறியீட்டைக் கண்டவுடன் பம்பை மாற்றுவது பரவலாகக் காணப்படும் தவறாகும்.

எடுத்துக்காட்டு: சூட்டில் கிளம்பாத வேன்

காமன் ரெயில் பொறியுள்ள வேன் ஒன்று காலையில் உடனே கிளம்புகிறது. ஒரு மணிநேரம் ஓடி, சிறிது நேரம் நிறுத்தியபின் கிளம்ப மறுக்கிறது. ஆறியபின் மீண்டும் கிளம்புகிறது. இதனைப் பின்வருமாறு ஆராயலாம்:

1. பொறி சூடாக உள்ளபோது ஸ்டார்ட்டரை இயக்கி, ஸ்கேனரில் சுழல்வேகம் பார்க்கப்படுகிறது. பொறி சுழன்றும் கருவி சுழியம் காட்டினால், கிராங்க் தண்டு உணரி அல்லது அதன் கம்பி ஐயத்திற்குரியது. இவ்வகை உணரிகள் சூட்டில் செயலிழந்து, ஆறியதும் மீள்வதுண்டு.
2. வேகம் தெரிந்தும் மிகக் குறைவாக இருந்தால், பேட்டரி, எர்த், ஸ்டார்ட்டர் ஆகியவை சோதிக்கப்படும்.
3. வேகம் சரியெனில் ரெயில் அழுத்தம் பார்க்கப்படுகிறது. பல பொறிகளில் கிளம்புவதற்கு ஏறத்தாழ 150 முதல் 250 பார் வரை தேவை. அந்த அளவை எட்டாவிட்டால் கட்டுப்பாட்டு அலகு தெளிப்பான்களைத் திறக்காது.
4. அழுத்தம் எட்டவில்லையெனில், முதலில் வடிகட்டியும் தாழ் அழுத்த வரத்தும் சரிபார்க்கப்படும். பின்னர் ஒவ்வொரு தெளிப்பானின் மீள்வழிக் குழாயும் தனித்தனிப் புட்டியில் விடப்படும். ஒரு புட்டி மட்டும் மற்றவற்றைவிட மிக விரைவாக நிரம்பினால், அத்தெளிப்பான் உள்ளே கசிகிறது.
5. எல்லாப் புட்டிகளும் இயல்பாக இருந்தால், ரெயிலின் அழுத்த வால்வும் பம்பும் சோதிக்கப்படும்.

தேய்ந்த தெளிப்பான் காலையில் வேலை செய்து சூட்டில் தோற்பதற்குக் காரணம் டீசலின் பாகுநிலை. சூடான டீசல் மெலிந்து, தேய்ந்த இடைவெளி வழியே எளிதில் ஒழுகிவிடுகிறது. பழைய சுழல்வகைப் பம்புகளிலும் இதே குறை உண்டு. அவ்வகை வண்டிகளில் பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் குளிர்வித்ததும் பொறி கிளம்பினால், பம்ப் தேய்ந்துள்ளது என்பது மெக்கானிக்குகள் கண்ட எளிய சோதனை.

சோதனையின்போது வடிகட்டியில் உலோகத் துகள்கள் தென்பட்டால் நிலைமை வேறு. பம்ப் உள்ளே சிதைந்து, துகள்கள் அமைப்பு முழுவதும் பரவியிருக்கும். பம்பை மட்டும் மாற்றினால் எஞ்சிய துகள்கள் புதிய பம்பையும் தெளிப்பான்களையும் கெடுத்துவிடும்.

புகைபோக்கி அமைப்பு

துகள் வடிகட்டி புகைக்கரியைச் சேமித்து, ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வெப்பத்தில் எரித்துத் தன்னைத் தூய்மை செய்துகொள்கிறது. குறுந்தொலைவே ஓடும் வாகனத்தில் இவ்வெப்பம் கிட்டாமல் வடிகட்டி அடைபடும். அடைபட்ட வடிகட்டி பெரும்பாலும் ஒரு விளைவே ஆகும். கசியும் தெளிப்பானோ எண்ணெய் விடும் டர்போவோ இருந்தால், புதிய வடிகட்டியும் விரைவில் அடைபடும்.

தூய்மைப்படுத்தல் பாதியில் பலமுறை தடைபட்டால், மிகுதியாகத் தெளிக்கப்பட்ட டீசல் பொறி எண்ணெயில் கலந்து எண்ணெய் மட்டம் உயரும். மட்டம் குறைவதைப் போலவே உயர்வதும் அபாய அறிகுறியே.

நைட்ரசன் ஆக்சைடுகளைக் குறைக்க, 32.5 விழுக்காடு யூரியா கொண்ட கரைசல் பயன்படுகிறது. நீர் கலந்த கரைசலும், குழாயில் படியும் வெண்ணிறப் படிகங்களும் இவ்வமைப்பின் பொதுவான பழுதுகள். பழுது நீடித்தால் பல வாகனங்களில் கட்டுப்பாட்டு அலகு பொறியின் ஆற்றலைக் குறைத்துவிடும்.

பாதுகாப்பு

உயர் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியில் ஊசி குத்தியது போன்ற சிறு காயமே தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். எனினும் இது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயமாகும்; தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். கசிவைக் கையால் தடவித் தேடாமல், பொறியை நிறுத்தி அழுத்தம் தணிந்தபின்னரே சோதிக்க வேண்டும்.

எண்ணெய் காற்றுவழியில் புகுந்தால், டீசல் நிறுத்தப்பட்டபின்னும் பொறி அவ்வெண்ணெயை எரித்துக் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடலாம். அப்போது சாவியைத் திருப்பியும் பயனில்லை. உறிஞ்சுவழியைத் தட்டையான, உறுதியான பலகையால் மூடிக் காற்றைத் தடுப்பதே வழி. கையாலோ துணியாலோ மூட முயலக்கூடாது. அருகே செல்ல இயலாத நிலையில் விலகி நிற்பதே நன்று.

காற்றுத் தடையுள்ள சரக்குந்துகளில், நிறுத்தத் தடையின் அறைக்குள் மிக வலிமையான சுருள்வில் அமுக்கி வைக்கப்பட்டுள்ளது. அதை முறையாகக் கட்டிவைக்காமல் அறையைத் திறந்தால் உயிரிழப்பு நேரலாம். வண்டியின் அடியில் வேலை செய்யும்போது சக்கரங்களுக்கு அணைகட்டை இடுதலும், ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கிகளை வைத்தலும் இன்றியமையாதவை.

இவற்றையும் பார்க்க

டீசல் பொறி
உள் எரி பொறி
ருடால்ப் டீசல்
டர்போ மின்னேற்றி அல்லாத காற்றூட்டி முறைகள்
காற்றுத் தடை