ரிப்பன் மாளிகை: மன்றம் இருந்த ஆண்டுகளும் இல்லாத ஆண்டுகளும்

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. முந்தைய ஆண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி தந்த சாசனம் அதற்கு அடிப்படை. கம்பெனியின் தலைவராக இருந்த ஜோசையா சைல்டின் கணக்கு நேரானது: ஊரில் வரி விதித்தால் மக்கள் முரண்டு பிடிக்கிறார்கள், அவர்களில் சிலரை மன்றத்தில் உட்கார வைத்தால் கொடுப்பார்கள். அதனால் முதல் ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயரோடு உள்ளூர் வணிகர்களும் இருந்தார்கள். லாபம் ஒன்றே குறியாக இருந்த கம்பெனிக்குக்கூட, வரி கேட்கிறவன் அவையில் இடமும் தர வேண்டும் என்பது புரிந்திருந்தது.

உண்மையான தேர்தல் அரசியல் இந்த மன்றத்துக்குள் வர இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. 1913இல் திறக்கப்பட்ட மாநகராட்சி மாளிகைக்கு, 1882இல் உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்த ரிப்பன் பிரபுவின் பெயர் வைத்தது பொருத்தமே. 1919 மாநகராட்சிச் சட்டத்துக்குப் பின் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் மன்றத் தலைவரானார். அவர் காலத்தில், 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தொடங்கினார்கள். தொடக்கக் கல்விச் சட்டத்தில் இந்தச் செலவுக்கு இடமில்லை என்று மாகாண அரசு சொன்னதால் 1925இல் அது நின்றது. பிறகு மீண்டும் உயிர் பெற்றது. காமராஜர் 1956இல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனதும், எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கியதும், 2001இல் உச்ச நீதிமன்றம் நாட்டின் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் சமைத்த உணவு தரச் சொன்னதும் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டன. நகர மன்றம் ஒன்று, தன் வரிப்பணத்தில், தன் பள்ளியில் இதைத் தொடங்கியது என்பதை மட்டும் நாம் அழுத்திச் சொல்வதில்லை.

1933இல் மேயர் பதவி திரும்ப வந்தது. ராஜா முத்தையா செட்டியார் அதில் அமர்ந்தார். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1937இல் மேயரானார். பின்னாளில் சட்டமன்றத்தின் சபாநாயகரும் ஆனார். 1939 அக்டோபர் இறுதியில் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகி, மாகாணம் ஆளுநர் கைக்குப் போயிற்று. அரசு இயங்கும் கோட்டையில் மக்கள் பிரதிநிதிகள் இல்லாத அந்த நாட்களில் ரிப்பன் மாளிகையில் இருந்தார்கள். சத்தியமூர்த்தி மேயராக இருந்து, போர்க்காலத்திலும் அரசோடு வாதாடி, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940இல் அடிக்கல் நாட்ட வைத்தார். அது 1944இல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. சென்னை இன்றும் குடிக்கும் தண்ணீரில் அந்த வாதாட்டத்தின் பங்கு உண்டு.

1959இல் திமுக முதன்முறையாக மாநகராட்சியில் மேயர் பதவியைப் பிடித்தது. எட்டு ஆண்டுகளில் கோட்டையையும் பிடித்தது. ரிப்பன் மாளிகையில்தான் அக்கட்சி ஆளப் பழகியது. அதனாலேயே 1973 எனக்கு ஆறாத வருத்தம். மஸ்டர் ரோல் எனும் கூலியாட்கள் வருகைப் பதிவேட்டில் முறைகேடு என்று புகார் எழுந்தது. விசாரித்துத் தண்டிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் கோட்டையில் இருந்த அதே கட்சி மன்றத்தையே கலைத்தது. அடுத்த ஆண்டு, 1974 ஏப்ரலில், இதே மாநிலத்தின் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தின் ஒவ்வொரு வாதத்தையும் நான் ஏற்கிறேன். டெல்லியிலிருந்து எல்லாவற்றையும் முடிவு செய்யக் கூடாது என்றால், கோட்டையிலிருந்து மட்டும் எப்படிச் செய்யலாம்?

பிறகு வந்தவர்களும் மன்றத்தைத் திறக்கவில்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது, அதிமுக வந்தது, திமுக திரும்பியது. 1986இல் நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தும் சென்னைக்கு நடக்கவில்லை. 23 ஆண்டுகள் தனி அலுவலர்களே நகரத்தை நடத்தினார்கள். அவர்களில் திறமையானவர்கள் உண்டு. ஆனால் தெருவில் நிற்கிறவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. மன்றம் இல்லாத அந்தக் காலத்தில்தான், 1978இல், குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்துக்குப் போயின. நகரத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் போயிற்று. ஆட்சேபிக்க அவையில் ஆளில்லை. மழைக்குச் சாலையில் தண்ணீர் நின்றால் கவுன்சிலரைத் திட்டுகிறோம். அவர் கையில் இருப்பது எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை.

அரசமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்த பிறகே 1996 தேர்தல் சாத்தியமாயிற்று, மு.க. ஸ்டாலின் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயரானார். ஆனாலும் மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதை அவ்வப்போது கோட்டையில் இருப்பவர்களே தங்கள் வசதிக்கு மாற்றி வந்தார்கள். ஒன்றிய அரசும் சளைக்கவில்லை: ஸ்மார்ட் சிட்டி பணத்தைச் செலவிட, மன்றத்துக்கு வெளியே தனி நிறுவனம் அமைக்கச் சொன்னது. 2016இல் இட ஒதுக்கீட்டு வழக்கில் தேர்தல் அறிவிக்கை ரத்தாக, மறுபடியும் ஐந்தாண்டுக்கு மேல் மன்றம் இல்லை.

2022 மார்ச்சில் 200 வார்டுகளின் புதிய மன்றம் கூடியது. பாதி இடங்கள் பெண்களுக்கு; ஆர். பிரியா, 28 வயதில், மேயர் பதவிக்கு வந்த முதல் தலித் பெண்ணானார். இந்த மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்பு சொல்கிறது. கோட்டையில் எந்தக் கட்சி இருந்தாலும் சரி, வார்டு எல்லை என்றோ, வழக்கு என்றோ, கணக்கெடுப்பு என்றோ அதை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட நாம் விடக் கூடாது.