கைப்பழக்கமும் மனப்பழக்கமும்

கோல்ப் விளையாட்டைப் பற்றித் தோட்டத்து மக்களிடம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ‘அது துரைமார் விளையாட்டு’ என்று சொல்லித்தான் நாம் வளர்ந்தோம். கோலாலம்பூரில் சிலாங்கூர் கோல்ப் கிளப் 1893-ஆம் ஆண்டில் தோன்றியது. பெரிய தோட்டங்கள் சிலவற்றிலும் வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்கென்று சிறு திடல்களை அமைத்துக்கொண்டார்கள். அந்தத் திடல்களில் புல் வெட்டியவர்கள் நம்மவர்கள். பை தூக்கியும், புதருக்குள் விழுந்த பந்தைத் தேடிக் கொடுத்தும் சில்லறை வாங்கிய பிள்ளைகளும் நம்மவர்களில் உண்டு. மட்டையைக் கையில் பிடித்தவர்கள் மட்டும் வேறு.

ஆனால் இந்த விளையாட்டின் வரலாற்றைப் புரட்டினால் தலைசிறந்த பெயர்களுள் ஒன்று பை தூக்கிய ஒரு பையனுடையதாக இருக்கிறது. அவர் பென் ஹோகன் என்ற அமெரிக்கர். ஒரு தொழிலில் தேர்ச்சி பெறுவதற்கு உடம்பு எவ்வளவு உழைக்க வேண்டும், மனம் எவ்வளவு உழைக்க வேண்டும் என்ற கேள்வி நம் எல்லாருக்கும் உண்டு. அவருடைய வாழ்க்கையை வைத்து அந்தக் கேள்வியை இன்று பார்ப்போம்.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பரந்த புல்வெளியில் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியின் வாயும் நாலேகால் அங்குல அகலந்தான். நூற்றுக்கணக்கான கஜத்துக்கு அப்பாலிருந்து சிறு பந்தை மட்டையால் அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழிக்குள் விழச்செய்ய வேண்டும். மொத்தத்தில் யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். கால்பந்தில் பந்து ஓடிவருகிறது, யோசிக்க நேரமில்லை, கால் தானே நீளுகிறது. கோல்பில் பந்து அசையாமல் கிடக்கிறது. அங்கேதான் வம்பு. ஒரு சுற்று ஆடி முடிக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். மட்டை வீசும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சில நிமிடங்கள்கூடத் தேறாது. மீதி நேரமெல்லாம் நடையும் நினைப்புந்தான். போன அடி தவறியதே என்ற வருத்தமும், வரப்போகும் அடி என்னாகுமோ என்ற கவலையும் ஆட்டக்காரரோடு கூடவே நடந்து வருகின்றன.

ஹோகன் 1912-இல் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தார். தந்தை கொல்லர். குதிரை வண்டிகள் குறைந்து மோட்டார் வண்டிகள் பெருகிவந்த காலம் அது. 1922-இல் அந்தத் தந்தை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. குடும்பத்தைத் தாங்க அந்தச் சிறுவன் போர்ட் வொர்த் நகர இரயில் நிலையத்தில் பத்திரிகை விற்றான். பதினோராம் வயதில், கிளென் கார்டன் என்ற கோல்ப் கிளப்பில் ஒரு சுற்றுக்குப் பை தூக்கினால் 65 சென்ட் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தான். பை தூக்கும் பையனுக்கு அங்கே ‘கேடி’ என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருளை நினைத்து நேயர்கள் சிரிக்க வேண்டாம்.

அதே கிளப்பில், அதே வயதில், பைரன் நெல்சன் என்று இன்னொரு பையனும் பை தூக்கினான். 1927-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில் கேடிப் பையன்களுக்கென்று நடந்த போட்டியில் இருவரும் சமநிலையில் வந்தார்கள். மீண்டும் ஆடவைத்தபோது நெல்சன் ஓர் அடியில் வென்றான். பின்னாளில் இருவருமே உலகப் புகழ் பெற்றார்கள் என்பது வியப்பு. ஆனால் நெல்சனுக்குப் புகழ் விரைவில் வந்தது. ஹோகனுக்கு வரவில்லை.

ஹோகன் பள்ளிப் படிப்பை முடிக்காமலே, பதினேழு வயதில், 1930-இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். அவர் உயரமும் அதிகமில்லை, எடையும் அதிகமில்லை. பெரிய உடம்புக்காரர்கள் எளிதாக அடிக்கும் தூரத்தை எட்டுவதற்காக முழு பலத்தையும் கூட்டி வீசினார். அந்த வேகத்தில் பந்து நேரே போகாமல் கடைசி நேரத்தில் இடப்பக்கம் வளைந்து காட்டுக்குள் ஓடியது. இந்தக் குறைக்கு ஆங்கிலத்தில் ‘ஹுக்’ என்று பெயர். பத்து ஆண்டுகள் அது அவரை விட்டபாடில்லை. கையில் காசு தீர்ந்து வீடு திரும்புவதும், வேறு வேலை செய்து சேர்த்துக்கொண்டு மறுபடி புறப்படுவதுமாகக் காலம் போயிற்று. 1935-இல் வலெரி என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மாளும் பழைய காரொன்றில் அவரோடு ஊர் ஊராக அலைந்தார். 1938-இல் ஓக்லண்ட் நகரத்துப் போட்டியின்போது ஒரு காலை எழுந்து வந்து பார்த்தால் காரின் சக்கரங்களை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்! அந்தப் போட்டியில் கிடைத்த பரிசுப் பணத்தால்தான் அவர்கள் பிழைப்பு தொடர்ந்தது.

தனி ஆட்டக்காரராக முதல் வெற்றி 1940 மார்ச்சில் வட கரோலினா மாநிலத்துப் பைன்ஹர்ஸ்டில் வந்தது. அதையடுத்து இரண்டே வாரங்களில் இன்னும் இரண்டு போட்டிகளை வென்றார். பத்து ஆண்டுகள் ஒன்றுமில்லை, பிறகு ஒரே மாதத்தில் மூன்று! அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் போட்டிக்கு முன் கை கால் உதறிக்கொள்ளச் சில பந்துகளை அடித்துவிட்டுப் போவார்கள். ஹோகன் ஆட்டம் முடிந்த பிறகும் பயிற்சித் திடலுக்குத் திரும்பி வந்து இருட்டும் வரை அடித்தார். வெறுமனே அடிக்கவில்லை. பந்து பொறுக்கும் பையனைத் தூரத்தில் நிற்கவைத்து, அவன் காலடியில் போய் விழும்படி ஒவ்வொன்றையும் அடித்தார். பந்து விலகினால் ஏன் விலகியது என்று யோசிப்பார். ஒரே ஒரு மாற்றம் செய்வார். மறுபடி அடித்துப் பார்ப்பார்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கத்தி சற்று மேலாகப் போனால் பால் சரியாக வடியாது. சற்று ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டுப் பட்டையே கெட்டுவிடும். இடையிலிருக்கும் அந்த நூலளவு ஆழத்தைக் கற்றுக்கொள்ளும் புதிய ஆளுக்கு, ஒவ்வொரு மரத்திலும் கவனம் வேண்டும். பழகிய அம்மாவோ விடியற்காலை இருட்டில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், வீட்டுக் கணக்கை நினைத்துக்கொண்டே வெட்டிப்போவார். கத்தி பிசகாது. மனம் புரிந்துகொண்டதைக் கை வாங்கிக்கொண்டுவிட்டது. அப்புறம் மனத்துக்கு அங்கே வேலை இல்லை. ஹோகன் தேடியதும் இதைத்தான். நெருக்கடி வேளையில் மனம் நடுங்கினாலும் கை தன் வேலையைச் செய்ய வேண்டும்.

ஹுக் குறைக்கு முழு மருந்து 1946 வாக்கில் கிடைத்தது. மருந்து என்னவோ சிறியதுதான். மட்டையைப் பிடிக்கும் இடக்கையைச் சற்றே திருப்பி வைத்தார். மட்டையைப் பின்னால் தூக்கும்போது இடது மணிக்கட்டைச் சிறிது பின்னோக்கி வளைத்தார். இதை 1955-இல் ‘லைப்’ பத்திரிகைக்கு அவர் வெளியிட்டபோது, இவ்வளவுதானா என்று கேட்டவர்கள் பலர். ஆம், இவ்வளவுதான்.

பிடியைப் பற்றிப் பேசும்போது இன்னொருவரை நினைக்காமல் போக நமக்கு மனம் வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள கரும்புத் தோட்டங்களுக்கு, நம் முன்னோரைப் போலவே ஒப்பந்தம் எழுதிக் கப்பலேறிய இந்தியர்களின் சமூகத்தில் பிறந்தவர் பாப்வா செவ்கோலம். டர்பன் நகரில் கேடியாக இருந்தவர்; பள்ளிப் படிப்பு இல்லாதவர். வலக்கைக்காரர்கள் எல்லாரும் வலக்கையைக் கீழே வைத்து மட்டையைப் பிடிக்க, அவர் தாமே பழகிய வழியில் இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தார். எந்தப் புத்தகமும் ஒப்பாத தலைகீழ்ப் பிடி. அதைக் கொண்டே 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் ஹாலந்து நாட்டுப் பொதுப் போட்டியை வென்றார். 1963-இல் தம் சொந்த ஊரிலேயே நேட்டால் பொதுப் போட்டியை வென்றபோது, வெள்ளையர் மட்டுமே நுழையலாம் என்ற கிளப் கட்டடத்துக்கு வெளியே, மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். அவர் கதையைத் தனியாகவே ஒரு நாள் சொல்ல வேண்டும். கை எந்தப் பிடியையும் பழகிக்கொள்ளும் என்பதற்காக மட்டும் இங்கே சொன்னோம்.

ஹோகனிடம் திரும்புவோம். 1946-இல் கைக்கு மருந்து கிடைத்த அதே ஆண்டில்தான் மனம் இரண்டு முறை அவரை ஏமாற்றியது. ‘மாஸ்டர்ஸ்’ போட்டியின் கடைசிக் குழியில் பந்தை இரண்டு உருட்டில் போட்டிருந்தால் சமநிலை. மூன்று உருட்டு ஆயிற்று. ‘யு.எஸ். ஓப்பன்’ எனப்படும் அமெரிக்கப் பொதுப் போட்டியின் கடைசிக் குழியிலும் அப்படியே. இரண்டடி மூன்றடித் தூரத்துப் பந்தைக் குழிக்குள் தள்ளுவதற்கு என்ன பலம் வேண்டும்? சிறுபிள்ளையும் செய்யும். அந்த ஆண்டு ஆகஸ்டில் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தின் பெரும் போட்டியை வென்று மனத்தை ஆற்றிக்கொண்டார். 1948-இல் பத்துப் போட்டிகளை வென்றார். பதினெட்டு ஆண்டு உழைப்பு பலன் தரத் தொடங்கியிருந்தது.

1949 பிப்ரவரி 2-ஆம் நாள் காலை, டெக்சஸ் மாநிலத்தில், மூடுபனிச் சாலையில், ஹோகன் தம் மனைவியுடன் காரில் வந்துகொண்டிருந்தார். எதிரே ஒரு லாரியை முந்திக்கொண்டு பேருந்து ஒன்று நேராக வந்தது. ஹோகன் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு மனைவியின்மேல் குறுக்கே பாய்ந்து அவரை மறைத்துக்கொண்டார். அடுத்த கணம் அந்த ஸ்டீயரிங் தண்டு அவர் உட்கார்ந்திருந்த இருக்கையைத் துளைத்துக்கொண்டு போயிற்று. வலெரிக்குச் சிறு காயங்களே. ஹோகனுக்கு இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. கழுத்துப்பட்டை எலும்பு, இடது கணுக்கால், விலா எலும்பு எல்லாம் பழுது. மருத்துவமனையில் இரத்தம் உறைந்து கட்டிகள் நெஞ்சை நோக்கி ஏறவே, அவற்றைத் தடுக்க உடம்பின் பெரிய இரத்தக்குழாய் ஒன்றையே மருத்துவர்கள் கட்டிவிட்டார்கள். உயிர் தப்பியது. ஆனால் கால்களில் இரத்த ஓட்டம் வாழ்நாள் முழுவதும் சீரடையவில்லை.

மறுபடி நடப்பாரா என்பதே ஐயமாக இருந்தது. வீட்டுக்கு வந்தபின் கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து பழகினார். பதினொரு மாதம் கழித்து, 1950 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் ஆடி, சாம் ஸ்னீட் என்ற பெரிய ஆட்டக்காரரோடு சமநிலையில் நின்று, மறு ஆட்டத்தில் தோற்றார். அந்தத் தோல்வியைக் கண்டு அமெரிக்காவே கொண்டாடியது.

அதே ஆண்டு ஜூனில் பிலடெல்பியாவுக்கு அருகே மெரியான் திடலில் அமெரிக்கப் பொதுப் போட்டி. அந்நாளில் கடைசி நாளன்று முப்பத்தாறு குழிகள் ஆட வேண்டும். அதாவது ஒரே நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நடை. காலையில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கால்களை ஊறவைத்து, கணுக்காலிலிருந்து தொடை வரை கட்டுத்துணி சுற்றிக்கொண்டு வந்தார். பிற்பகலில் பன்னிரண்டாவது குழிக்காக மட்டை வீசியபோது கால் மரத்து, விழப்போய், பக்கத்திலிருந்த நண்பரைப் பிடித்துக்கொண்டார். முன்னணியில் இருந்தவர் ஒவ்வோர் அடியாக இழந்துவந்தார். கடைசிக் குழியை நான்கு அடியில் முடித்தால் சமநிலை. ஐந்தானால் எல்லாம் வீண். இரண்டாவது அடிக்கு இருநூறு கஜத்துக்கு மேல் இருந்தது. பைக்குள் இருப்பதிலேயே அடிக்கக் கடினமான ஒன்றாம் எண் இரும்பு மட்டையை எடுத்தார். நிற்க முடியாத மனிதர் வீசிய அந்த வீச்சை ஒரு புகைப்படக்காரர் பின்னாலிருந்து படம் பிடித்தார். கோல்ப் உலகில் அதைவிடப் புகழ்பெற்ற படம் இல்லை. பந்து குழியிருந்த பச்சைத் திட்டின்மேல் விழுந்தது. இரண்டு உருட்டில் முடித்தார்.

மறுநாள் லாயிட் மாங்ரம், ஜார்ஜ் பாசியோ ஆகியோருடன் மூவராக மீண்டும் பதினெட்டுக் குழிகள். பதினாறாவது குழியில் ஹோகனைவிட ஓரடியே பின்தங்கியிருந்த மாங்ரம், பந்தின்மேல் உட்கார்ந்த பூச்சியை ஊதிவிடப் பந்தைக் கையிலெடுத்தார். ஆட்டம் நடக்கும்போது எடுக்கக்கூடாது என்பது அந்நாள் விதி. இரண்டு அடி தண்டம்! ஒரு பூச்சிக்காக. ஹோகன் 69, மாங்ரம் 73, பாசியோ 75.

விபத்துக்குப் பின் ஹோகனின் முறை மாறியது. ஆண்டுக்குச் சில போட்டிகளுக்கு மேல் ஆடவில்லை. நாளுக்கு முப்பத்தாறு குழியாகப் பல நாள் ஆட வேண்டிய போட்டியைப் பல ஆண்டுகள் அடியோடு விட்டார். உடம்பின் எல்லையை ஒப்புக்கொண்டு, எஞ்சியதைத் திட்டத்தால் நிரப்பினார். 1953-இல் ஆறு போட்டிகளில் ஆடி ஐந்தில் வென்றார். ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி நகரில் நடந்த பிரிட்டிஷ் பொதுப் போட்டியும் அவற்றுள் ஒன்று. அங்கே பந்தே சற்றுச் சிறியது. ஆகவே பல நாள் முன்னதாகவே போய், அந்தப் பந்தையும் அந்த மண்ணையும் பழகிக்கொண்டார். நான்கு சுற்றுகளில் அவர் எடுத்த அடிகள் 73, 71, 70, 68. நாளுக்கு நாள் இறங்கிவரும் இந்தக் கணக்கைப் பாருங்கள். அவர் வென்ற பெரும் போட்டிகள் மொத்தம் ஒன்பது. ஆறு விபத்துக்குப் பிறகு வந்தவை.

இதோடு நிறுத்திவிட்டால் கதை அழகாக முடியும். ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. நாற்பது வயதைத் தாண்டியபின் பந்தை உருட்டும் வேளையில் அவர் கை ஓடாமல் போயிற்று. குழிக்குச் சில அடி தூரத்தில் பந்தின்மேல் குனிந்து நிற்பார். மட்டையைப் பின்னுக்கு இழுக்க முடியாது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். எத்தனை பயிற்சி செய்தும் அது தீரவில்லை. 1960-இல், நாற்பத்தேழு வயதில், அமெரிக்கப் பொதுப் போட்டியின் கடைசி நாளில் முதல் முப்பத்து நான்கு குழிகளிலும் பந்தை உரிய அடிகளுக்குள் பச்சைத் திட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இளைஞர்களாலும் முடியாத காரியம் அது. உருட்டு மட்டும் ஒத்துழைத்திருந்தால் அன்று கோப்பை அவருடையது. கடைசி இரண்டு குழிகளில் பந்து தண்ணீரில் விழுந்து ஆட்டம் கைவிட்டுப் போயிற்று.

ஹோகன் 1997-இல், 84-ஆம் வயதில் காலமானார். 1957-இல் அவர் எழுதிய ‘ஐந்து பாடங்கள்’ என்ற நூலை இன்றும் ஆட்டக்காரர்கள் வாங்கிப் படிக்கிறார்கள். மட்டையை எப்படிப் பிடிப்பது, எப்படி நிற்பது, எப்படி வீசுவது என்று விரல் விரலாக, மூட்டு மூட்டாகப் படம் போட்டு விளக்கியிருக்கிறார். குழிக்கு மூன்றடி முன்னால் நிற்கும் பந்தை உருட்டுவது எப்படி என்பதற்கு அந்த நூலில் பாடம் இல்லை.