வன்னித் தலைமைகளின் போட்டியும் 1803ஆம் ஆண்டுக் கூட்டும்: கற்சிலைமடுக் கல்லை முன்வைத்துச் சில குறிப்புகள்

1803ஆம் ஆண்டு வன்னி எழுச்சியைப் பற்றி எழுதப் புகும் எவரும் ஜே. பி. லூயிஸைத் தொடாமல் எழுத முடியாது. 1895இல் வெளிவந்த அவருடைய வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், ஆங்கிலேய அலுவலகப் பதிவுகளைத் தேடிப்பிடித்துத் தொகுத்தது. பின்வந்த நம்மவர்களும் பெரும்பாலும் அதிலிருந்தே அள்ளினார்கள். தகவலை எடுத்தபோது பார்வையும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. லூயிஸின் விவரிப்பில் நடுவில் நிற்பவன் ஒருவனே. 1859இல் எமர்சன் ரெனன்ற் எழுதியதிலும் அப்படித்தான். பறிபோன அதிகாரத்தை மீட்கக் கடைசியாக ஒருமுறை முயன்ற தலைவன் பண்டாரவன்னியன். கண்டியார் அவனுக்குப் பக்கத்துணை. வன்னியின் ஏனைய பற்றுகளும் அவற்றின் தலைமைகளும் அங்கே வெறும் நிலமாகவே கிடக்கின்றன.

நடந்தவை தெரிந்தவையே. ஆகஸ்ட் 25இல் பண்டாரவன்னியனும் கண்டிப் படையினரும் முல்லைத்தீவைத் தாக்கினர். கப்டன் வொன் டிறிபேர்க்கின் காவற்படை கடல்வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. எழுச்சி ஆனையிறவு வரை எட்டியது. பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் ஆங்கிலேயப் படைப்பிரிவுகள் புறப்பட்டன. ஒக்டோபர் 31 விடியற்காலையில் கற்சிலைமடுவில் வன்னியனின் படை சிதறடிக்கப்பட்டது.

இதைத் தனியொருவனின் கடைசி முயற்சி என்று எப்படி வாசிப்பது? அவ்வாண்டு ஜூன் 24இல் ஆங்கிலேயப் படைத்தலைவர் மேஜர் டேவி கண்டியில் சரணடைந்தார். அடுத்த சில நாள்களில் அவருடைய படை அழிந்தது. ஆகஸ்டிலும் செப்டெம்பரிலும் ஹங்வெல்ல, சிலாபம் என்று கரையோர ஆங்கிலேயக் காவலிடங்களைக் கண்டியார் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கினர். முல்லைத்தீவுத் தாக்குதல் அந்த வரிசைக்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது. லூயிஸ் கட்சியார் இங்கே, “அப்படியானால் கண்டிதான் சூத்திரதாரி, வன்னியன் அதன் கைப்பாவை” என்று திருப்பக்கூடும். அதுவும் தேறாது. கண்டியிலிருந்து வடகிழக்குக் கரைக்கு வரும் படை நுவரகலாவியாவைக் கடந்து, பெருங்காட்டினூடாக வர வேண்டும். எந்தக் குளத்தில் ஆகஸ்டிலும் தண்ணீர் நிற்கும், எந்த ஒற்றையடிப்பாதை கரைக்குப் போகும், எந்த ஊரில் நெல் இருக்கும் என்பதெல்லாம் பற்றுத் தலைவர்களுக்கும் அவர்களுடைய ஆள்களுக்கும்தான் தெரியும். பனங்காமம், கரிக்கட்டுமூலை, முள்ளியவளை, மேல்பற்று, கருநாவல்பற்று ஆகியவற்றுள் ஒன்றிரண்டாவது முன்கூட்டியே இணங்கியிராவிட்டால், ஆகஸ்ட் 25 என்றொரு நாளே வந்திராது. வெல்பவன் பக்கம் சாய்வது ஊர்த் தலைவர்களின் வழக்கம் என்பார்கள். ஆகஸ்ட் 25க்கு முன்பு வெல்லப்போகிறவர் யாரென்று எவருக்குத் தெரியும்? முல்லைத்தீவு 1795 முதல் ஆங்கிலேயர் கையில் அல்லவா இருந்தது? இணங்கியவர்களின் பெயர்ப்பட்டியல் பதிவுகளில் இல்லை. என் வாதம் நிலத்தையும் நாள்களையும் கொண்டு செய்யும் ஊகமே. லூயிஸின் தனியொருவனும் ஊகந்தான் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தத் தலைமைகள் ஒன்றையொன்று விரும்பியவை அல்ல. ஒல்லாந்தர் காலத்தில் ஒவ்வொரு வன்னியனும் யானைத் திறைக்காகத் தனித்தனியே கணக்கு வைத்திருந்தான். 1697இல் யாழ்ப்பாணக் கொமாண்டர் சுவார்டகுறூன் எழுதிவைத்த நினைவுக்குறிப்பு, அந்த யானை நிலுவைகளைப் பற்றிய முறைப்பாட்டைக் கொண்டது. ஒருவன் நிலுவை வைத்தால் அடுத்தவனுக்கு மகிழ்ச்சி. கண்டியும் போட்டிக்காரர்தான், வன்னியர் திறை கொடுக்க வேண்டியது தமக்கே என்ற உரிமைப் பேச்சு அங்கே ஓய்ந்ததேயில்லை. 1782இல் ஒல்லாந்தர் வன்னியை அடக்கி, பிறகு தம் அலுவலர் நாகெலின் நேரடி ஆட்சியின்கீழ் வைத்தபோது நிலைமை மாறியது. போட்டிபோட்டுக் காக்க எவருக்கும் தனிப்பதவி மிஞ்சவில்லை. 1803ஆம் ஆண்டுக் கூட்டு சாத்தியமானதற்கு வீரத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

இனி, ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் நின்ற நினைவுக்கல். அதன் ஆங்கில வாசகம் மிகச் சுருக்கமானது: இவ்விடத்துக்கு அண்மையில் எங்கோ, 1803 ஒக்டோபர் 31இல், கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார். ‘அண்மையில் எங்கோ’ என்பதை உற்றுக் கவனிக்க வேண்டும். களம் எது என்று கல்லை நட்டவர்களுக்கே திடமில்லை. கல் நடப்பட்ட ஆண்டும் வாசகத்தில் இல்லை. ஆகவே அதை நிகழ்ச்சிக்குச் சமகாலச் சான்றாகக் கொள்வது தவறு. மூன்று திசைப் படைகளில் ஒன்றின் தலைவருக்கே அது பெயர் கொடுக்கிறது. ஆங்கிலேயர் தம்முடைய கூட்டு நடவடிக்கையையே ஒரு கப்டனின் வெற்றியாகச் சுருக்கிக்கொண்டார்கள். எதிர்ப்பக்கத்தையும் அதே அளவுகோலால் ஒரு வன்னியனாகச் சுருக்கினார்கள். கண்டியாருக்கு அந்தக் கல்லில் இடமே இல்லை. ரெனன்ற், லூயிஸ் பார்வையும் இந்தக் கல்லின் பார்வையும் ஒரே அச்சில் வார்த்தவை.

தோல்வியின் நாளையும் கவனியுங்கள். ஆகஸ்ட் இறுதியில் வன்னியில் சிறுபோக வெட்டு முடிந்திருக்கும், காட்டுப்பாதைகள் காய்ந்திருக்கும், ஆள்கள் ஓய்ந்திருப்பார்கள். ஒக்டோபர் இறுதி அப்படியல்ல. மாரி தொடங்கும் வேளை, காலபோகத்துக்கு விதைப்பு நடக்கும் வேளை. கண்டிப் படையினரோ தம் சோற்றைத் தாமே சுமந்துவரும் மரபினர். இரண்டு மாதம் வெளியூரில் தங்கும் படை அல்ல அது. டிறிபேர்க் விடியலில் தாக்கியபோது அங்கிருந்தது முழுக் கூட்டுப் படையா, வயலுக்குப் போனவர்கள் போக எஞ்சியிருந்தவர்களா? இரண்டாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நம்முடைய மேடை மரபு இந்தத் தோல்விக்கு வேறொரு விளக்கம் தருகிறது: காக்கை வன்னியனின் காட்டிக்கொடுப்பு. நாடகங்களிலும், கருணாநிதியின் ‘பாயும்புலி பண்டாரக வன்னியன்’ நாவலிலும் அவனே வில்லன். ஆனால் காக்கை வன்னியன் என்ற பெயர் 1803க்கு வெகு முன்பே தமிழ் ஏட்டில் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், ஏறத்தாழ 1736இல், மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையில், சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம் பிடித்துக்கொடுத்தவனாக வருபவன் இதே பெயர்க்காரன். கதையமைப்பும் ஒன்றே: அரசனுக்கு அணுக்கமானவன், வெளியார் படை, பிடித்துக்கொடுத்தல். ஒரே பெயரில் இருவர் இருந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் சங்கிலியோடு சேர்ந்த கதையொன்று ஒட்டுசுட்டானுக்குக் குடிபெயர்ந்தது என்பதே எளிய விளக்கம். லூயிஸுக்குக் கூட்டு கண்ணில் படவில்லை. மேடைக்கோ கூட்டு உடைந்ததற்கு ஒரு துரோகி கட்டாயம் வேண்டியிருந்தது. பருவமும் பசியும் கூத்தில் பாத்திரமாக முடியாது அல்லவா.

தீராத சிக்கல் இறந்த நாளில் இருக்கிறது. ஒக்டோபர் 31ஐ வீரச்சாவு நாளாகக் கொள்வோர் உண்டு. கல்லில் ‘தோற்கடித்தார்’ என்றுதான் இருக்கிறது, கொன்றதாக இல்லை. பண்டாரவன்னியன் தப்பிப் பல ஆண்டுகள் உயிரோடிருந்து, 1811 அளவில் பனங்காமத்தில் காயங்களால் இறந்தான் என்ற கணக்கும் வழங்குகிறது. இரண்டில் ஒன்றை உறுதிசெய்ய இப்போதுள்ள சான்று போதாது. இது வெறும் நாள் தகராறு அன்று. 1803 சரியென்றால் இந்தக் கூட்டின் ஆயுள் ஆகஸ்டிலிருந்து ஒக்டோபர் வரை. 1811 சரியென்றால், தோற்ற தலைவனை எட்டாண்டு மறைத்து வைத்துச் சோறு போட்டவர்கள் யார், அவர்கள் பனங்காமத்தாரா, பழைய போட்டிப் பற்றுகளைச் சேர்ந்தவர்களா, எல்லைக்கு அப்பாலிருந்த கண்டியாரா என்று தேட வேண்டியிருக்கும்.