வலைத்தள மென்பொருளும் நிர்வாகியும்

வலைத்தளங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் முகப்பையே எழுதுவர். அம்முகப்பின் பின்னே அமர்ந்து நாள்தோறும் கட்டுரை ஏற்றியும், படம் சேர்த்தும், பிழை களைந்தும் வருகின்ற நிர்வாகியை அவர்கள் நினைப்பதில்லை. உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் தோன்றியது அவர் பொருட்டேயாம். எனினும், அவற்றை ஆக்கியோர் அவர் படும் இடர்ப்பாட்டை நேரிற் கண்டறிய முற்பட்டது பிற்காலத்தேதான். அம்முயற்சியின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

ட்ரூபல் என்னும் மென்பொருளைப் பெல்ஜிய நாட்டினராகிய டிரீஸ் பாய்டேர்ட் 2001இல் பொதுப் பயனுக்கு வெளியிட்டார். வேர்ட்பிரஸ், பி2 என்னும் பழைய மென்பொருளினின்றும் கிளைத்து, மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரால் 2003இல் வெளிவந்தது. நம் மரபில் இதனை வழிநூல் எனலாம். இரண்டும் நிரல் எழுதுவோர் தம்மை ஒத்தாரை மனத்திற்கொண்டு ஆக்கியவை. ஆகவே, நிரல் அறியாதார் வந்து சேர்ந்தபொழுது இடர்ப்பாடு தோன்றியது.

2008ஆம் ஆண்டில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ட்ரூபலைப் புதியோரிடம் கொடுத்துச் சோதித்தனர். தளத்தின் முகப்பும் அதனை ஆளும் பக்கங்களும் ஒரே தோற்றத்துடன் இருந்தமையால், தாம் எங்கே நிற்கின்றோம் என்பது அவர்கட்கு விளங்கவில்லை. சொற்களும் தடையாயின. ஏற்றப்படும் ஒவ்வொரு பக்கத்தையும் ‘நோடு’ என்றும், பொருட்பாகுபாட்டை ‘டாக்ஸானமி’ என்றும் அம்மென்பொருள் வழங்கிற்று. ஆக்கியோர்க்கு இவை பழகிய சொற்கள். எழுத வந்தவர்க்கோ பொருள் விளங்காச் சொற்கள். மொழி பயில்வார்க்கு இச்செய்தி வியப்பன்று. துறைச்சொல் துறைக்குள் நிற்குமளவும் கருவி. வாயிலில் வந்து நின்றால் தடை.

இதன் விளைவாக மார்க் போல்டன், லைசா ரைகெல்ட் என்னும் இருவர் தலைமையில் 2009இல் சீர்திருத்தப் பணி தொடங்கிற்று. அவர்கள் வகுத்துக்கொண்ட நெறிகளுள் தலையாயது உள்ளடக்கம் படைப்போர்க்கே முதலிடம் என்பது. அடிக்கடி செய்யும் பணி எளிதாதல் வேண்டும். அரிதிற் செய்யும் பணி இயலுவதாயின் போதும் என்பதும் அவற்றுள் ஒன்று. 2011 சனவரியில் வெளிவந்த ஏழாம் பதிப்பில் ஆளும் பக்கங்கட்குத் தனித்தோற்றம் அமைந்தது. மேற்புறத்தே நிலையான கருவிப்பட்டை வந்தது. ‘ஸ்டோரி’ என்றிருந்த உள்ளடக்க வகை ‘ஆர்ட்டிகிள்’ எனப் பெயர் பெற்றது. பெயர் மாற்றம் சிறிதெனினும், நாம் இதனையே பெரிதாக மதிக்கின்றோம். தளத்தின்மேற் சாளரம்போல் ஆளும் பக்கத்தை விரித்த ‘ஓவர்லே’ என்னும் உத்தி மட்டும் நிலைபெறவில்லை. 2015இல் வந்த எட்டாம் பதிப்பில் அது நீக்கப்பெற்றது.

வேர்ட்பிரஸின் போக்கு வேறு. 2008 மார்ச்சில் அதன் 2.5ஆம் பதிப்பு புதிய நிர்வாகத் தோற்றத்துடன் வந்தது. அவ்வாண்டு திசம்பரிலேயே 2.7ஆம் பதிப்பு அதனையும் மாற்றிப் பட்டியலை மேலிருந்து இடப்பக்கத்திற்குக் கொணர்ந்தது. ஓராண்டில் இருமுறை மாற்றுதல் பழகியவர்க்கு இன்னல் என்பது உண்மையே. ஆயினும் இரண்டாம் மாற்றம், பயன்படுத்துவோர் கண் திரையில் எங்கே செல்கின்றது என்பதைக் கருவியால் அளந்து கண்ட சோதனையின் துணையுடன் எழுந்தது. அதனை ஏற்பதே முறை. மேற்பட்டியலில் இடம் குறுகியது. செருகுநிரல்கள் பெருகப் பெருக, இடப்பட்டியலோ கீழ்நோக்கி நீளவல்லது.

2018 திசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பைப்பற்றி அவ்வாறு கூறுதல் இயலாது. எழுத்துப்பரப்பைத் துண்டு துண்டாக அடுக்கும் குட்டன்பர்க் எடிட்டர் அதிற் புகுந்தது. கண்பார்வையற்றார் திரைவாசிப்பான் வழியே அதனைக் கையாளுதல் கடினமாயிற்று. வெளியீட்டிற்கு இரண்டு திங்கள் முன்னர் அணுகல்தன்மைக் குழுவின் தலைவர் பதவி துறந்தார். தளத்தைப் படிப்பார்க்கேயன்றி, எழுதும் கருவியைக் கையாள்வார்க்கும் தடையிருத்தல் ஆகாது என்னும் விதிமுறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2015இலேயே வெளியிட்டிருந்தது. எனவே, அறியாமை காரணமெனக் கூறுதற்கில்லை. விரைவே காரணம் என்பது நம் துணிபு. எழுதுதலையே தொழிலாகக் கொண்ட பார்வையற்ற ஊழியர்க்கு இது வசதிக்குறைவு அன்று, வாழ்வூதியத்தைத் தொடுவது.

உயர்கல்வி நிறுவனங்களில் வேர்ட்பிரஸைக் கையாள்வோரின் அமைப்பாகிய டபிள்யூபிகேம்பஸ் நிதி திரட்டி, வெளியார் ஒருவரைக்கொண்டு அவ்வெடிட்டரைத் தணிக்கை செய்வித்தது. அவ்வறிக்கை 2019 மே திங்களில் வெளிவந்தது. அதிற் காட்டிய குறைகளுட் பல, பின்வந்த பதிப்புகளில் ஒவ்வொன்றாகக் களையப்பெற்றன.