மறுக்கப்பட்ட ஞானஸ்நானம்: கிளாரிந்தா அம்மையார் வழக்கில் திருமண ஒழுங்கும் இரக்கமும்

தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகே, 1779இல் கட்டப்பட்ட ஆலயத்தில் ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் மிஷனரி சுவார்ட்ஸ்; அவர் கையைப் பற்றி நிற்கிறார் இரண்டாம் சரபோஜி. 1798இல் மறைந்த தம் ஆசானுக்காக மன்னர் இங்கிலாந்தின் ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த சிற்பம் அது. மன்னருக்கும் அனாதைக்கும் தகப்பனாக இருந்தவர் சுவார்ட்ஸ் என்பதைத் தஞ்சை இன்றும் மறக்கவில்லை. ஆனால், ஞானஸ்நானம் கேட்டு வந்த ஒரு பெண்ணை அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த மறுப்பு சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அந்தப் பெண் பின்னாளில் கிளாரிந்தா என்று பெயர் பெற்றவர். பிராமணக் குலத்துக் கைம்பெண். தஞ்சையைச் சேர்ந்தவர் என்பது மரபு. லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி அவரை உடன்கட்டையிலிருந்து மீட்டார் என்றும் அம்மரபு கூறும். அந்த மீட்புக் கதையை வரலாறாகக் கொள்வதற்கில்லை. சுவார்ட்ஸ் தாமே எழுதி வைத்த செய்தி உறுதியானது. அதிகாரி அந்தப் பெண்ணை மணப்பதாக வாக்களித்தார், மணக்கவில்லை, ஆனால் கிறிஸ்தவ போதனையைக் கற்பித்தார். அந்தப் பெண் ஞானஸ்நானம் கேட்டபோது, மணமின்றிச் சேர்ந்து வாழும் வரையில் தர இயலாது என்று சுவார்ட்ஸ் மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு, 1778இல், பாளையங்கோட்டையில் அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது.

சுவார்ட்ஸுக்காக வாதாட இடமுண்டு. ஞானஸ்நானம் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் பொருளன்று. மனந்திரும்பிய வாழ்க்கையின் வாசல் அது. கோட்டைப் படையினர் உள்ளூர்ப் பெண்களை மணமின்றி வைத்திருப்பது அன்று சர்வசாதாரணம். அதற்குத் திருச்சபை உடந்தையாகாதிருக்க வேண்டுமானால் ஓரிடத்தில் கோடு கிழித்தாக வேண்டும். மணம் என்னும் ஒழுங்கு பெண்ணுக்குக் காப்பு என்பதும் மெய். கட்டியவளைக் கைவிடுவது கடினம். வைத்திருந்தவளைக் கைவிடுவது எளிது.

இவ்வளவையும் ஏற்றாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: சுவார்ட்ஸ் விதித்த நிபந்தனையை நிறைவேற்றும் அதிகாரம் யார் கையில் இருந்தது? மணப்பதாக வாக்களித்தவர் அதிகாரி. வாக்குத் தவறியவரும் அவரே. அவர் பிறப்பால் கிறிஸ்தவர், ஞானஸ்நானம் பெற்றவர். ஒரே கூரையின் கீழ் ஒரே வாழ்க்கை வாழ்ந்த இருவரில், வாசலுக்கு உள்ளே இருந்தவர் வாக்கை மீறியவர். வெளியே நிறுத்தப்பட்டவர் வாக்கை நம்பியவர். அதிகாரியை விட்டு விலகியிருக்கலாமே என்பர். சாதி துறந்த கைம்பெண் திரும்பிப் போக எந்த வீட்டுத் திண்ணை காத்திருந்தது? முடிவில் தடையை நீக்கியது அதிகாரியின் சாவுதான். சபை எதையும் விட்டுக் கொடுக்கவில்லை.

சுவார்ட்ஸ் நாள்தோறும் பிரசங்கித்த வேதத்திலேயே இதற்கு ஒத்த வழக்கொன்று உண்டு. யோவான் எழுதிய சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தில், கிணற்றடியில் இயேசு சந்திக்கும் சமாரியப் பெண்ணுக்கு ஐந்து கணவர் இருந்தனர். அப்போது உடனிருந்தவர் கணவர் அல்லர். இயேசு அதை மறைக்கவில்லை, மெச்சவும் இல்லை, எடுத்துச் சொன்னார். ஆனால் அதைச் சரிசெய்துவிட்டு வா, பிறகு ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லவில்லை. பேச்சு தொடர்ந்தது, அவள் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடி, அவ்வூராருக்குச் சாட்சியானாள். எட்டாம் அதிகாரத்தில் கல்லெறியக் கொண்டுவரப்பட்ட பெண்ணிடமும் அதே வரிசைதான்: ஆக்கினை இல்லை என்ற சொல் முதலில், இனிப் பாவம் செய்யாதே என்ற கட்டளை பின்னர். கட்டளை அங்கே கைவிடப்படவில்லை; இரக்கத்தின் பின்னே வந்தது. சுவார்ட்ஸ் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

அவருக்கு இரக்கம் தெரியாதென்று சொல்ல முடியாது. 1780களில் ஹைதர் அலியின் படையெடுப்பாலும் வரிக் கொடுமையாலும் காவிரிப் படுகையின் உழவர்கள் ஊரைவிட்டு ஓடினர். அரசின் வாக்கை யாரும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் தம் வாக்கைக் கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர் என்று அவர் எழுதியிருக்கிறார். அரசு தன் கடமையில் தவறிய இடத்தில், தவறு செய்யாத உழவரைத் தண்டிக்காமல் தாமே பிணையாக நின்றவர் அவர். அதே பிணையை ஒரு பெண்ணுக்கும் கொடுத்திருக்கலாம் என்பதே என் ஆற்றாமை.

மறுக்கப்பட்டவர் செய்தது என்ன? 1780ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருப்பவை 40 பெயர்கள், முதற்பெயர் கிளாரிந்தா. அவர் முன்னின்று எழுப்பிய ஆலயத்தை 1785இல் பிரதிஷ்டை செய்து வைத்தவர் சுவார்ட்ஸ். மக்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றனர். வாசலில் நிறுத்தப்பட்டவரின் பெயரே கோயிலின் பெயராயிற்று. திருநெல்வேலித் திருச்சபையின் பெருமரத்துக்கு விதையிட்டவர் அவர்.

இந்த ஏற்றத்தாழ்வு பழங்கதையாகப் போய்விடவில்லை. 1869இன் இந்திய மணமுறிவுச் சட்டம், கிறிஸ்தவக் கணவன் மனைவியின் பிறழுறவு ஒன்றையே காட்டி விடுதலை பெற இடமளித்தது. மனைவிக்கோ, கணவனின் பிறழுறவு மட்டும் போதாது. கொடுமை, ஈராண்டுக் கைவிடல் போன்ற வேறொன்றையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். அதே காலத்தில் மாயூரம் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை, பெண்கல்விக்காகப் ‘பெண்மதி மாலை’ எழுதிக்கொண்டிருந்தார். நீதிமன்ற நாற்காலியில் அமர்ந்தவருக்கே சட்டத்துக்கு அப்பாலும் பெண்ணுக்குச் செய்ய வேண்டியது இருப்பதாகப் பட்டது. சட்டத்தின் ஏற்றத்தாழ்வு தீர 2001ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, 132 ஆண்டுகள் ஆயின.

திருமண ஒழுங்கு வேண்டாம் என்பது என் வாதம் அன்று. இருவர் சேர்ந்து காக்க வேண்டிய ஒழுங்கை ஒருவர் மீறும்போது, அதன் முழுச் சுமையும் வலுவற்றவர் தலையில் இறங்கினால், அங்கே காக்கப்படுவது திருமணம் ஆகாது. கைவிடப்பட்டும் மறுமணம் செய்தும் திருச்சபையின் வாசலில் தயங்கி நிற்கும் பெண்கள் டெல்டா ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி ‘உன் கணவன் எங்கே?’ என்பதாக இருக்கலாம்; கிணற்றடியில் இயேசுவும் கணவனை அழைத்துவரச் சொன்னார். பதில் எதுவானாலும், அதன்பின் அவர் தண்ணீரை மறுக்கவில்லை.