மருந்துக்கு மசியாத புழு



சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தவனைக் காரணம் கேட்டோம். "ஆடு செத்துப் போச்சு சார்" என்றான். அன்று மாலை அவன் வீட்டுக்குச் சென்றோம். லயத்துக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் ஐந்து வெள்ளாடுகளில் மூன்று போய்விட்டன. மிஞ்சிய இரண்டும் தாடைக்குக் கீழே நீர் கோத்து, பை கட்டித் தொங்கவிட்டதுபோல வீங்கி, நிற்கவும் மாட்டாமல் நின்றன. மூத்த பெண்ணின் படிப்புச் செலவுக்கென்று வளர்த்தவை அவை. "பூச்சி மருந்து மூணு தடவ ஊத்துனோம் சார், ஒண்ணும் கேக்கல. டூப்பு மருந்தா இருக்குமோ?" என்று கேட்டார் அவன் தாயார்.

பிறகு வந்து பார்த்த கால்நடை மருத்துவர் மருந்தில் குறையில்லை என்றார். ஆனால் ஆட்டுப் புழுக்கையில் புழு முட்டைகள் நிறைந்து கிடந்தன. நல்ல மருந்தைக் குடித்தும் புழு சாகவில்லை. இது எப்படி என்று கேட்டால், அதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் செம்மறியாட்டுப் பண்ணைகளில் நடந்தது.

முதலில் புழுவைப் பார்ப்போம். இதன் பெயர் ஹெமோன்கஸ். ஆட்டின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. நான்காம் அறையில்தான் இது குடியிருக்கிறது. நாம் பொதுவாகக் குடற்புழு என்று சொல்லிவிடுகிறோம். நீளம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும். பெண் புழுவின் உடலில் இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும் வெள்ளை நிறக் கருக்குழாயும் ஒன்றையொன்று சுற்றிக் கிடக்கும். பட்டணத்து முடிதிருத்தும் கடை வாசலில் சிவப்பும் வெள்ளையுமாகச் சுழலும் தூணைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயர் அந்தத் தூணின் பெயரையே இப்புழுவுக்கு வைத்துவிட்டார்கள். ஒரு புழு நாளொன்றுக்குக் குடிக்கும் இரத்தம் ஒரு துளிதான். ஆனால் ஓர் ஆட்டின் வயிற்றில் 5,000 புழுக்கள் இருந்தால் கால் லிட்டர் இரத்தம் தினமும் போகிறது. பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேலும் இடும். முட்டை புழுக்கையோடு தரையில் விழுந்து, நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஒரு வாரத்திற்குள் தொற்றக்கூடிய இளம்புழுவாகிவிடும். அது பனி ஈரத்தில் புல்லின்மேல் ஏறி நிற்கும். வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகே ஆட்டை அவிழ்க்க வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அது வெறும் பேச்சன்று.

பழைய காலத்தில் இப்புழுவுக்கு மயில்துத்தம் கரைத்து ஊற்றினார்கள். புகையிலைச் சாறு கொடுத்தார்கள். பாஷாணங்கூடக் கொடுத்தார்கள். புழுவோடு சில வேளைகளில் ஆடும் போயிற்று. 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் பினோதயசீன் என்ற பொடி புழுவைக் கொல்லும் என்று கண்டார்கள். சாய ஆராய்ச்சியிலிருந்து பிறந்த பொருள் அது. குடித்த ஆட்டின் சிறுநீர் சிவந்து கம்பளி மயிரில் கறை படியுமாம். ஆனாலும் செம்மறி வளர்ப்போர் அதைக் கொண்டாடினர். இருபது ஆண்டுகூட ஆகவில்லை. 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்திலிருந்து, இந்தப் பொடிக்கு மசியாத ஹெமோன்கஸ் புழுக்கள் தோன்றிவிட்டன என்ற செய்தி வந்தது.

அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1961இல் தயாபெண்டசோல் என்ற புதிய மருந்து வந்துவிட்டது. குறைந்த அளவு போதும், ஆட்டுக்கும் தீங்கில்லை. மூன்றே ஆண்டில், 1964இல், அதற்கும் மசியாத புழுக்கள் அமெரிக்காவில் காணப்பட்டன. அடுத்து லெவாமிசோல் வந்தது. 1970களில் ஆஸ்திரேலியாவில் அதற்கும் அதே கதி.

அதற்குப் பின்னர் வந்ததுதான் பெரிய மருந்து. ஜப்பானில் சத்தோஷி ஓமுரா என்ற அறிஞர், இத்தோ நகரில் ஒரு கோல்ஃப் திடலுக்கு அருகில் எடுத்த மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவில் வில்லியம் கேம்பெல் குழுவினர் அதன் ஆற்றலைக் கண்டறிந்தனர். அதிலிருந்து உருவான ஐவர்மெக்டின் 1981இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. முப்பது கிலோ எடையுள்ள செம்மறிக்கு ஆறு மில்லிகிராம் போதும். ஆப்பிரிக்க ஏழை மக்களின் கண்களைப் பறித்த ஆற்றுக் குருட்டு நோயையும் இம்மருந்து அடக்கியது. 2015இல் இவ்விருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் 1980களின் பிற்பகுதியிலேயே தென்னாப்பிரிக்கச் செம்மறிப் பண்ணைகளில் ஐவர்மெக்டினையும் மீறி வாழும் ஹெமோன்கஸ் இருந்தது. 2009இல் நியூசிலாந்தில் மொனேபாண்டெல் என்ற புத்தம் புது மருந்து விற்பனைக்கு வந்தபோது, இனி நீண்ட காலத்துக்குக் கவலையில்லை என்று நினைத்தவர்கள் பலர். 2013இல் அந்நாட்டிலேயே அதற்கு மசியாத புழுக்களைக் கண்டார்கள்.

மருந்துதான் புழுவை மாற்றிவிட்டதா? இல்லை. கோடிக்கணக்கான புழுக்களில் பிறவியிலேயே மருந்துக்குத் தப்பும் ஒன்றிரண்டு இருக்கும். மருந்து ஊற்றும்போது மற்றவை சாகின்றன. தப்பியவை தமக்குள்ளேயே பெருகுகின்றன. தோட்டத்தில் களைக்கொல்லி அடிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலாய்க்காரர் சம்பாவ் என்று சொல்லும் புல், கிளைபோசேட் மருந்துக்குச் சாகாமல் நிற்பது 1997இல் நம் மலேசியாவில்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. புல்லுக்கு நடந்ததே புழுவுக்கும் நடந்தது.

இந்த வரலாற்றில் நமக்கு மிகவும் உறைத்த இடம் ஒன்று உண்டு. செம்மறி வளர்த்தவர்கள் சோம்பலினால் கெடவில்லை. நிபுணர்கள் சொன்னபடி ஒழுங்காகச் செய்துதான் கெட்டார்கள். மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்து, உடனே புழுவில்லாத சுத்தமான மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள் என்பது அக்கால அறிவுரை. கேட்கச் சிறந்த யோசனைதான். ஆனால் மருந்துக்குத் தப்பிய புழுக்களின் முட்டைகள் மட்டுமே அந்தப் புதிய நிலத்தில் விழுந்தன. கலப்பதற்குச் சாதுவான புழு ஒன்றுகூட அங்கில்லை. சில பருவங்களில் நிலம் முழுவதும் முரட்டுப் புழுவின் பிள்ளைகள்.

1990களில் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் வேறு வழி கண்டார்கள். ஆட்டின் கீழ் இமையை இழுத்து, உள்ளே தெரியும் நிறத்தை ஐந்து நிறக் கட்டங்கள் கொண்ட அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அது. நல்ல சிவப்பென்றால் மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் மட்டும் கொடு. பெரும்பாலான மந்தைகளில் சில ஆடுகள்தாம் கடுமையாகப் பாதிக்கப்படுகின்றன என்பதை அந்த அட்டை காட்டிக் கொடுத்தது. மருந்து படாத மற்ற ஆடுகளின் வயிற்றில் சாதுப் புழுக்கள் மிஞ்சியிருந்து முரட்டுப் புழுக்களோடு கலந்துகொண்டிருக்கும். எழுத்தறியாத இடையரும் கற்றுக்கொள்ளக் கூடிய முறை இது. இதற்கிடையில் ஸ்காட்லாந்தின் மோரிடன் ஆய்வுக் கழகத்தார் ஆக்கிய தடுப்பூசி ஒன்றும் 2014இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1980களில் பால்மரத் தோட்டங்களில் களை வெட்டும் செலவைக் குறைக்கச் செம்மறிகளை மேயவிட்டது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மந்தை மேய்த்தவர்களில் நம்மவரும் உண்டு. நிழலும் ஈரமும் ஆண்டு முழுவதும் இருக்கும் மரத்தடி, ஹெமோன்கஸ் புழுவுக்கும் சொந்த வீடுதான். 1990களில் இங்குள்ள செம்மறி, வெள்ளாட்டுப் பண்ணைகளில் ஆய்வாளர்கள் மருந்துக்கு மசியாத புழுக்களைக் கண்டனர். சபா மாநில அரசு இனவிருத்திப் பண்ணைகளில் வழக்கமான மருந்துகள் எல்லாமே தோற்றுப்போனதாக 2004இல் ஆய்வறிக்கை வெளிவந்தது.

இனி, அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு வருவோம். அவர் வாங்கியது செம்மறிக்கான மருந்து. புட்டியில் அச்சிட்டிருந்த செம்மறி அளவைத்தான் வெள்ளாட்டுக்கும் ஊற்றியிருக்கிறார். வெள்ளாட்டின் உடல் இம்மருந்துகள் பலவற்றைச் செம்மறியைவிட விரைவாக வெளியேற்றிவிடும். ஆகவே வெள்ளாட்டுக்கு அந்த அளவு பற்றாது. குறைந்த அளவு மருந்து, பாதி மசிந்த புழுக்களையும் பிழைக்க வைத்துவிடும். அதற்காக நாமாக அளவைக் கூட்டுவதும் ஆபத்து. சில மருந்துகள் கூடினால் ஆட்டையே கொன்றுவிடும். ஆட்டை நிறுத்து, எடை சொல்லி, கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் கேட்டுக் கொள்வதே சரி. போகும்போது நாலு புழுக்கையை ஒரு பையில் கட்டிக்கொண்டு போனால் முட்டையை எண்ணிப் பார்த்தே சொல்வார்கள்.

மருத்துவர் அன்று வேறு வகை மருந்தை எடை பார்த்துக் கொடுத்தார். இரண்டில் ஒன்று பிழைத்தது. கொட்டிலை இப்போது தரையிலிருந்து உயர்த்தி, இடைவெளி விட்ட பலகைத் தளம் போட்டிருக்கிறார்கள். புழுக்கை கீழே விழுந்துவிடுகிறது. புல்லைப் பையன்தான் அறுத்து வருகிறான், பள்ளி விட்ட பிறகு, பனியில்லாத நேரத்தில். சனிக்கிழமை தோறும் ஆட்டின் கண்ணிமையை இழுத்துப் பார்ப்பதும் அவன் வேலைதான்.